வேறு வாசல் தட்டிய விமான நிறுவனங்கள்

2021 டிசம்பரில் ஒரே நாளில் நெதர்லாந்தின் கேஎல்எம்மும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைச் சொல்லின. குறுந்தடங்களில் பல வருடங்களாக ஓட்டிவரும் போயிங் 737 விமானங்களுக்கு வயதாகிவிட்டது, அவற்றைப் படிப்படியாக விலக்கப் போகிறோம், அடுத்து வாங்கப்போவது ஏர்பஸ். இப்படி அறிவிப்பு வரும்போதெல்லாம் எத்தனை விமானம், எத்தனை கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதும். ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும். ஆனால் பழையதை ஓரங்கட்டிவிட்டு வேறு தயாரிப்பாளரிடம் போகும் இந்த வழக்கத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நாம் இன்றைக்கு விமானத்தில் உட்காரும் இருக்கையின் அகலத்தைக்கூட அந்தச் சரித்திரம்தான் முடிவு செய்திருக்கிறது.

அதன் முதல் அத்தியாயம் ஒரு விபத்து. 1931 மார்ச் 31 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் மூன்று எஞ்சின் ஃபோக்கர் எஃப்-10 விமானம் ஒன்று, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பஸார் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் சிறகு முறிந்து விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நூட் ராக்னி, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்களில் அந்தக் காலத்தில் அவரை விடப் புகழ்பெற்றவர் இல்லை. நாடே துக்கம் அனுசரித்தது. ஃபோக்கரின் சிறகு மரத்தால் ஆனது, பசை போட்டு ஒட்டியது. உள்ளே இறங்கிய ஈரம் பசையை இளக்கிவிட்டது என்று விசாரணையில் சந்தேகம் விழுந்தது. இனி மரச் சிறகுகளை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவும் ஜனங்களின் பயமும் சேர்ந்து, ஃபோக்கரை வைத்துக்கொண்டு இனித் தொழில் நடத்த முடியாது என்ற நிலைக்கு டிடபிள்யூஏவைத் தள்ளின.

முழுக்க உலோகத்தால் ஆன விமானத்தை அப்போது தயாரித்துக்கொண்டிருந்தது போயிங். அதன் 247 ரகம் பத்துப் பயணிகளோடு மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகப் பறக்கும் என்று பேச்சு. டிடபிள்யூஏ கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை. காரணம் எளிது: போயிங்கும் யுனைடெட் விமான சேவையும் அன்றைக்கு ஒரே குழுமத்தின் பிள்ளைகள். முதல் 60 விமானங்களும் யுனைடெட்டுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. அவை முடிந்த பிறகுதான் அடுத்தவர்களுக்கு. அதுவரை காத்திருந்தால் போட்டி நிறுவனம் எல்லாப் பயணிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

டிடபிள்யூஏவின் ஜாக் ஃப்ரை 1932 ஆகஸ்ட் 2 அன்று ஒரு கடிதம் எழுதினார். மிகச் சிறிய கடிதம். இன்னின்ன எடை, இன்னின்ன வேகம், குறைந்தது பன்னிரண்டு பயணிகள், மூன்று எஞ்சின் இருந்தால் நல்லது, அதில் ஒன்று நின்றுபோனாலும் எங்கள் தடத்தில் உள்ள எந்த விமான நிலையத்திலிருந்தும் மேலே எழும்ப வேண்டும். பல தயாரிப்பாளர்களுக்குப் போன அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ராணுவ விமானங்கள் செய்துகொண்டிருந்த டொனால்ட் டக்ளஸ் கைக்கு வந்தது. மூன்று எஞ்சின் வேண்டாம், இரண்டிலேயே செய்து காட்டுகிறோம் என்றது டக்ளஸ் குழு. 1933 ஜூலை 1 அன்று டிசி-1 பறந்தது. செப்டம்பரில் அரிசோனாவின் வின்ஸ்லோ என்ற மேட்டு நிலத்து ஊரில் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே எழும்பி, அப்படியே ஆல்புகர்க்கி வரை போய் இறங்கிக் காட்டினார்கள். அதைக் கொஞ்சம் நீட்டி, பதினான்கு இருக்கை போட்டுச் செய்ததுதான் டிசி-2. அதை இன்னும் அகலமாக்கியது டிசி-3.

இந்தச் சரித்திரத்தில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். ஒரு தயாரிப்பாளர் தன் செல்ல வாடிக்கையாளருக்காக மற்றவர்களைக் காக்க வைக்கிறார்; காத்திருக்க மனமில்லாதவர் பக்கத்து வாசலைத் தட்டுகிறார்; அந்த வாசலிலிருந்து இன்னொரு பெரிய விமானம் பிறக்கிறது. டக்ளஸ் விமானங்களை டிடபிள்யூஏ உருவாக்கவில்லை. ஆனால் அது கேட்காமல் இருந்திருந்தால் டக்ளஸ் பயணிகள் விமானத்துக்கு வந்திருப்பாரா என்பது சந்தேகம். போயிங் 247 மொத்தம் 75 விமானங்களோடு நின்றுபோனது. அதற்காக வரிசையில் முதலில் நின்ற யுனைடெட்டே சில வருடங்களில் 247களை விற்றுவிட்டு டிசி-3 வாங்கப் போனது. இடையில் 1934இல் அமெரிக்க நாடாளுமன்றம், விமானம் செய்பவர்கள் விமான சேவை நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டு இரண்டையும் பிரித்தது. எந்தத் தயாரிப்பாளரிடமும் போகலாம், பிடிக்காவிட்டால் மாறலாம் என்ற சுதந்திரம் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் முழுதாக வந்தது.

ஐரோப்பாவில் இந்த மாற்றத்தைச் சுமந்து சென்றவர் யாரென்று பார்த்தால் ஆச்சரியம்தான். அந்தோணி ஃபோக்கர். கான்சாஸில் விழுந்த விமானத்தின் மேல் இருந்த பெயருக்குச் சொந்தக்காரர், ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். உலோக விமானத்தின் காலம் வந்துவிட்டது என்பதை அவர் யாரையும் விட விரைவாகப் புரிந்துகொண்டார். டக்ளஸ் விமானங்களை ஐரோப்பாவில் விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். வருடக்கணக்கில் ஃபோக்கர் விமானங்களையே நம்பியிருந்த கேஎல்எம், டிசி-2 வாங்கியது, ஃபோக்கர் வழியாகவே!

அந்த டிசி-2களில் ஒன்றுக்கு ‘ஊய்வர்’ என்று பெயர், டச்சு மொழியில் நாரை. 1934 அக்டோபரில் லண்டனிலிருந்து மெல்போர்ன் வரை நடந்த மாபெரும் விமானப் பந்தயத்தில் கேஎல்எம் அதை இறக்கியது. பந்தயத்துக்கென்றே செய்த விமானங்களுக்கு நடுவே, மூன்று பயணிகளையும் தபால் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சாதாரணப் பயணிகள் விமானம். பாக்தாத், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், பத்தாவியா என்று வந்து ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. கடைசி இரவு புயலில் திசை தப்பியது. கீழே எங்கும் இருட்டு.

ஆல்பரி என்ற ஊர்க்காரர்களின் காதில் மேகத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் எஞ்சின் சத்தம் விழுந்தது. ஊரின் மின்சாரப் பொறியாளர் துணைநிலையத்துக்கு ஓடினார். தெருவிளக்குகள் மொத்தத்தையும் அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றி, மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாக வானத்துக்குச் சொன்னார். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். வந்தார்கள். வரிசையாக நின்று முகப்பு விளக்குகளைப் போட்டார்கள். மழையில் ஊறிய அந்தப் புல்தரையில் ஊய்வர் இறங்கியது. காலையில் சேற்றில் புதைந்திருந்த விமானத்தை ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். அது மெல்போர்ன் போய்ச் சேர்ந்து இரண்டாவது இடம் பிடித்தது. சலுகைப் புள்ளிப் பிரிவில் முதலிடம். விமானம் வாங்கும் நிறுவனங்களுக்கு இதை விட நல்ல விளம்பரம் தேவைப்படவில்லை. இரண்டே மாதத்தில் அதே ஊய்வர் இராக்கின் பாலைவனத்தில் விழுந்து எல்லாரும் இறந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் டக்ளஸுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் நிற்கவில்லை.

பிரதி எடுப்பவர்களும் வந்தார்கள். ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் டிசி-3க்கு உரிமம் வாங்கியது. ஷோவா, நகாஜிமா தொழிற்சாலைகள் அதைச் செய்து ஜப்பானியக் கடற்படைக்குக் கொடுத்தன. சோவியத் நாடும் உரிமம் வாங்கி, அளவுகளை மாற்றி, லி-2 என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் செய்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரே விமானம் எதிரெதிர் அணிகளில் பறந்தது. அமெரிக்கா மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செய்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு வைத்த பெயர்தான் நம் தாத்தாமார் வாயில் புழங்கிய டகோட்டா.

போர் முடிந்ததும் அத்தனை டகோட்டாக்களும் வேலை இல்லாமல் நின்றன. மலிவாகக் கிடைத்தன. கொஞ்சம் முதலும் துணிச்சலும் இருந்தால் போதும், விமான நிறுவனம் ஆரம்பித்துவிடலாம் என்ற காலம் அது. இந்தியாவில் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் போர்க்கால டகோட்டாக்களைப் பிரித்துச் செப்பனிட்டு, பயணிகள் இருக்கை போட்டுக் கொடுத்தது. ஒடிஷாவின் பிஜு பட்நாயக் கலிங்கா ஏர்லைன்ஸ் நடத்தினார். 1947இல் டச்சுக்காரர்களின் முற்றுகையை மீறி இந்தோனேசியத் தலைவர் சுதான் ஷஹ்ரிரை அவர் தன் டகோட்டாவில் ஏற்றிக்கொண்டு வந்தது இன்றும் அந்த நாட்டில் நினைக்கப்படுகிறது. அதே வருடம் டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அதுவும் டகோட்டாதான். பெயர் சீதா தேவி.

1949 ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் சேவையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தினமும் இரவில் சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் ஒவ்வொரு விமானம் தபால் மூட்டைகளோடு கிளம்பும். நான்கும் நள்ளிரவில் நாகபுரியில் சேரும். மூட்டைகள் கைமாறும். விடிவதற்குள் அதனதன் ஊர் திரும்பும். மயிலாப்பூரில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில். 1953இல் எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, அதற்குச் சீதனமாக வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

இத்தனை டகோட்டாக்களுக்கும் ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டுமே? உலகம் முழுக்க எல்லாத் தயாரிப்பாளர்களும் டகோட்டாவுக்குப் பதிலான விமானம் என்று எதையாவது கொண்டு வந்தார்கள். டகோட்டாவுக்குப் பதில் இன்னொரு டகோட்டாதான் என்று விமானிகள் சொல்லிக்கொண்டார்கள். அந்த இடத்தைப் பிடிப்பதில் நன்றாகவே வெற்றி பெற்ற விமானங்களில் ஒன்றைச் செய்தது யார் தெரியுமா? ஃபோக்கர். டக்ளஸிடம் சந்தையை இழந்த அதே நிறுவனம், கால் நூற்றாண்டு கழித்து எஃப்-27 ஃப்ரெண்ட்ஷிப்போடு திரும்பி வந்தது. 1961இல் இந்தியன் ஏர்லைன்ஸும் அதை வாங்கியது.

இதற்கிடையில் ஜெட் வந்துவிட்டது. முதலில் கொண்டு வந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1952 மே 2 அன்று பிஓஏசியின் டி ஹாவிலண்ட் காமெட், லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்குப் பயணிகளோடு பறந்தது. சில மாதங்களில் கொழும்புக்கும் வந்தது. 1954இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட்கள் இத்தாலியை ஒட்டிய கடலுக்கு மேலே நொறுங்கின. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் போலத் தண்ணீரை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உலோகம் களைத்துப்போய், உடலில் இருந்த திறப்புகளின் மூலையில் விரிசல் விட்டது தெரிந்தது. அந்தப் பாடத்தை உலகத்தின் எல்லாத் தயாரிப்பாளர்களும் படித்தார்கள். பிஓஏசி காத்திருக்க முடியாமல் 1956இல் போயிங் 707க்கு ஆர்டர் கொடுத்தது. நாட்டுப்பற்றை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாதல்லவா, எஞ்சின் மட்டும் ரோல்ஸ் ராய்ஸ் கான்வேயாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். 1960இல் ஏர் இந்தியா கொண்டு வந்த 707களிலும் அதே கான்வேதான்.

அகலத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1955 அக்டோபர் 13 அன்று பான் ஆம் நிறுவனத்தின் ஹுவான் டிரிப், ஒரே மூச்சில் 20 போயிங் 707களுக்கும் 25 டக்ளஸ் டிசி-8களுக்கும் ஆர்டர் அறிவித்தார். டக்ளஸ் விமானம் அப்போது காகிதத்தில் மட்டும் இருந்தது. ஆனால் அது அகலமானது, வரிசைக்கு ஆறு பேர் வசதியாக உட்காரலாம். அதைப் பார்த்து யுனைடெட்டும் டக்ளஸ் பக்கம் போனது. போயிங் பயந்துவிட்டது. உடலை அகலப்படுத்துவது என்றால் அச்சுகளை மாற்ற வேண்டும், பெரும் பணம். இருந்தும் டிசி-8ஐ விட ஒரு அங்குலம் அதிகமாக, 148 அங்குலம் என்று முடிவு செய்தது. பிறகு வந்த 727க்கும் 737க்கும் 757க்கும் அதே மேலுடலையே வைத்துக்கொண்டது. இன்று சென்னையிலிருந்து 737 மேக்ஸில் ஏறி நடுச் சீட்டில் தோள் இடிக்க உட்காரும் ஒருவர், 1955இல் வாடிக்கையாளர் கைநழுவிப் போவதைக் கண்டு போயிங் அவசரமாகச் சேர்த்த அந்த அங்குலங்களுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்.

1970களில் ஒரு புது மனிதர் இந்தக் கதைக்குள் வருகிறார்: குத்தகைக்காரர். அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் நிறுவனத்தின் ஜம்போ ஒன்று ஆள் சேராமல் நின்றது. அதைத் தாய்லாந்தின் ஏர் சியாமுக்குக் குத்தகைக்கு விட்டு, பார்த்துக்கொள்ள டோனி ரயன் என்ற ஊழியரை பாங்காக்குக்கு அனுப்பினார்கள். சும்மா நிற்கும் விமானத்தை உலகத்தில் எங்காவது ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதை அங்கே கண்டுகொண்டவர், 1975இல் ஷானனில் ஜிபிஏ என்ற குத்தகை நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் உலகின் குத்தகை விமானங்களில் பெரும்பங்கின் கணக்கு வழக்கு அயர்லாந்தில்தான். விமானம் வாடகை வீடு மாதிரி ஆனது. ஒப்பந்தம் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வீடு போகலாம். தயாரிப்பாளரை மாற்றுவது இதனால் எவ்வளவோ சுலபமாகிவிட்டது. (ரயன் பிறகு தொடங்க உதவிய இன்னொரு நிறுவனம்தான் ரயன்ஏர்.)

வீடு காலியாக இருந்த இன்னொரு கட்டடக்காரர் துலூஸில் இருந்தார். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ஏர்பஸ், 1974இல் ஏ300ஐச் சேவைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய சின்னமும் வரையப்படாத வெள்ளை வால்களோடு விற்காத விமானங்கள் வரிசையாக நின்றன. 1977இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் தலைவர் ஃபிராங்க் போர்மன், முன்னாள் விண்வெளி வீரர், அப்போலோ 8இல் நிலவைச் சுற்றி வந்தவர், ஒரு யோசனை சொன்னார். நான்கு விமானங்களை ஆறு மாதம் எங்களுக்கு இலவசமாகக் கொடுங்கள், ஓட்டிப் பார்க்கிறோம். ஏர்பஸ் கொடுத்தது. எரிபொருள் விலை எகிறியிருந்த அந்த வருடங்களில் இரண்டே எஞ்சினோடு அத்தனை பேரைச் சுமந்த ஏ300 ஈஸ்டர்னுக்குப் பிடித்துப்போனது. 1978இல் 23 விமானங்களுக்கு ஆர்டர். அமெரிக்கக் கதவு திறந்தது.

இந்தியன் ஏர்லைன்ஸ் அதற்கு முன்னாலேயே, 1976இலேயே, ஏ300 ஓட்டத் தொடங்கிவிட்டது. பெரிய மாற்றம் வந்தது 1980களின் நடுவில். போயிங் 757 வாங்குவதாக இருந்த பேச்சு திசை மாறி, கணினி வழியே கட்டுப்படுத்தப்படும் புத்தம்புது ஏ320க்குப் போனது. 1989இல் விமானங்கள் வந்து சேர்ந்தன. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த ஏ320 ஒன்று பெங்களூர் ஓடுபாதைக்கு முன்பாகவே தரையில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். எஞ்சின்கள் குறைந்த விசையில் இருக்க விமானம் தாழ்ந்துகொண்டே வந்ததையும், அதை உணர்ந்து விசையைக் கூட்டுவதற்குள் நேரம் கடந்துவிட்டதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அரசு எல்லா ஏ320களையும் தரையிறக்கியது. பல மாதங்கள் அவை பறக்கவில்லை.

தயாரிப்பாளரை மாற்றுவது என்றால் விமானி அறைக்குள் என்னவெல்லாம் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். போயிங் 737இல் விமானியின் முழங்கால்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் கனமான திருப்புக் கட்டை இருக்கிறது. ஒருவர் அசைத்தால் பக்கத்தில் இருப்பவர் முன்னாலும் அது அசையும். விசைக் கட்டைகளும், கணினி விசையைக் கூட்டினால், கண்ணெதிரே தாமாக முன்னே நகரும். ஏ320இல் திருப்புக் கட்டையே இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறிய கைப்பிடி, ஒருவர் அசைத்தால் மற்றவருடையது அசையாது. கணினி எஞ்சினைக் கூட்டினாலும் குறைத்தாலும் விசைக் கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். திருப்புக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் இழுத்து விரிக்கும் ஒரு சின்ன மேசை. கை பழகியது, கண் பழகியது, காது பழகியது எல்லாமே மாறுகிறது. அதனால்தான் ஒரு விமானி ஒரு தயாரிப்பாளரிடமிருந்து இன்னொன்றுக்கு மாற வாரக்கணக்கில் வகுப்பும் சிமுலேட்டரும் தேவைப்படுகின்றன. மெக்கானிக்குகளுக்கும் அப்படித்தான். புது விமானத்தின் விலையைப் பேசுபவர்கள் இந்தச் செலவையும் இந்தக் காலத்தையும் கணக்கில் சேர்த்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்திய ஏ320களில் இன்னொரு விசேஷம் உண்டு. உலகத்தில் வேறெங்கும் ஏ320க்கு முக்கியச் சக்கரங்கள் பக்கத்துக்கு இரண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியவற்றுக்குப் பக்கத்துக்கு நான்கு. நம் சிறு விமான நிலையங்களின் வலுக்குறைந்த ஓடுபாதைகளில் எடை பரவட்டும் என்று கேட்டுச் செய்ய வைத்தது. அவை விலக்கப்பட்டதோடு அந்த ரகமே வானத்திலிருந்து போய்விட்டது.

இந்தியன் ஏர்லைன்ஸ் விலக்கிய 737களும் உடனே சாகவில்லை. 1996இல் தொடங்கிய துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் அவற்றை எடுத்துக்கொண்டது. சில, சரக்கு விமானமாக மாறி அஞ்சல் துறைக்காகப் பறந்தன. அப்படி உழைத்த ஒரு 737, 2012இல் கல்கத்தா விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டது. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவோடு இணைந்து, பிறகு அரசிடமிருந்து டாடாவுக்குக் கைமாறியதில் அந்த விமானம் பதிவேடுகளிலிருந்தே நழுவிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று விமான நிலையம் சொன்ன பிறகுதான் அது தங்களுடையது என்று ஏர் இந்தியாவுக்குத் தெரிந்தது. 2025 நவம்பரில் லாரியில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டு போனார்கள், பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க.

பெரும்பாலான விமானங்களின் முடிவு வேறு மாதிரி. ஈரமில்லாத காற்று துருவைத் தடுக்கும் என்பதால் அரிசோனாவின் மரானா, கலிஃபோர்னியாவின் மொஹாவே, ஸ்பெயினின் டெருயல், ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று வறண்ட இடங்களுக்குப் போகின்றன. முதலில் எஞ்சின்களைக் கழற்றுவார்கள், மதிப்பில் பெரும்பகுதி அதில்தான். அடுத்து சக்கரத் தொகுதி, வாலில் இருக்கும் துணை எஞ்சின், மின்னணுப் பெட்டிகள். ஒவ்வொரு பாகத்தோடும் அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற காகிதம் கூடவே போக வேண்டும். காகிதம் தொலைந்தால் நல்ல பாகமும் பழைய இரும்பு விலைதான். பழைய விமானம் முழுதாக இருப்பதை விடப் பிரித்தால் விலை அதிகம் என்ற கட்டம் வரும்போதுதான் அதன் ஆயுள் உண்மையில் முடிகிறது.

2002இல் பிரிட்டனின் ஈஸிஜெட் செய்த மாற்றம் துறையையே உலுக்கியது. 737களோடு பிறந்து 737களோடு வளர்ந்த நிறுவனம், 120 ஏ319களுக்கு ஆர்டர் கொடுத்தது. 156 பேரை ஏற்ற வேண்டும் என்று அது கேட்டதற்காக, சிறகுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த அவசர வழியை ஏர்பஸ் இரண்டாக்கிக் கொடுத்தது. விலையும் நன்றாக இறங்கியது. வேறு வாசல் தட்டுவேன் என்ற மிரட்டலுக்கு எவ்வளவு மதிப்பு என்று மற்ற நிறுவனங்களும் கற்றுக்கொண்டன.

அந்த மிரட்டலின் மிகக் கனமான விளைவு 2011இல் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1996 முதல் இருபது வருடம் போயிங்கிடமே வாங்குவதாகக் கைச்சாத்திட்ட நிறுவனம். அது தன் பழைய எம்டி-80களை மாற்ற 460 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது 260ஐ ஏர்பஸுக்குக் கொடுத்தது. முற்றிலும் புதிய விமானம் ஒன்றை வரையலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த போயிங், அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, 1960களில் பிறந்த 737க்குப் புது எஞ்சின் மாட்டி மேக்ஸ் என்று கொண்டு வந்தது. சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், விமானிகளுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று எழுதிக்கொடுத்திருந்தது. பயிற்சி தேவைப்படக் கூடாது என்ற பிடிவாதம் வடிவமைப்புக்குள்ளும் போனது. புதிய கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று விமானிகளின் கையேட்டில் இடம்பெறவில்லை. அது தவறாக இயங்கியதில், 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு மேக்ஸ்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். வாடிக்கையாளரை இழக்கும் பயத்தில் எடுத்த முடிவுகளுக்கு அத்தனை உயிர்கள் விலையானதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதே காலத்தில் கனடாவின் பம்பார்டியர், சி சீரிஸ் என்று ஒரு நல்ல சிறு விமானம் செய்து கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 2016இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 75 வாங்க ஒப்புக்கொண்டது. அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று போயிங் புகார் கொடுத்தது. அமெரிக்க வணிகத் துறை 292 சதவிகித வரி விதிக்க முடிவு செய்தது. பம்பார்டியர் தப்பிக்க வழி தேடி ஏர்பஸிடம் போனது. பெயரளவு விலைக்கு அந்தத் திட்டத்தின் பெரும்பங்கை ஏர்பஸ் எடுத்துக்கொண்டு ஏ220 என்று பெயர் வைத்தது. வரியும் கடைசியில் தள்ளுபடியானது. போயிங் போட்ட வழக்கால் ஏர்பஸுக்கு ஒரு விமானம் கிடைத்தது.

அந்த ஏ220ஐ வாங்கியவர்களில் குவாண்டாஸும் உண்டு. எதற்குப் பதிலாக? போயிங் 717களுக்கு. பெயரில்தான் போயிங். மெக்டொனலோடு இணைந்து மெக்டொனல் டக்ளஸ் ஆகியிருந்த டக்ளஸ் நிறுவனம் எம்டி-95 என்று வரைந்தது. 1997இல் போயிங் அந்த நிறுவனத்தை விழுங்கிய பிறகு பெயர் மாறியது. 2024 அக்டோபரில் குவாண்டாஸின் கடைசி 717 ஓய்வுக்குப் போனது.

டக்ளஸின் வம்சம் அதோடு முடிந்துவிடவில்லை. சீனா 1970களில் பத்து போயிங் 707களை வாங்கியது. அதன் சாயலில் ஷாங்காயில் ஒய்-10 என்று ஒன்றைச் செய்து 1980இல் பறக்கவும் விட்டது. யாரும் வாங்காமல் அது நின்றுபோனது. 1980களின் நடுவில் மெக்டொனல் டக்ளஸ் தன் எம்டி-82களை அதே ஷாங்காயில் பூட்டத் தொடங்கியது. அங்கே கை பழகிய தொழிலிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய காமாக். 2023 மே மாதம் அதன் சி919, சைனா ஈஸ்டர்ன் சின்னத்தோடு சேவைக்கு வந்தது. அதில் மாட்டியிருப்பது லீப் எஞ்சின். ஏ320 நியோக்களில் பலவற்றிலும் 737 மேக்ஸிலும் பறப்பது அதே குடும்பத்து எஞ்சின்தான். விமானம் விற்பவரை மாற்றிய பிறகும் எஞ்சினுக்குப் பல நிறுவனங்கள் போய் நிற்பது ஒரே அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டு நிறுவனத்தின் வாசலில்.

காமாக்கின் சிறிய விமானமான ஏஆர்ஜே21க்கு முதல் வெளிநாட்டு வாடிக்கையாளரும் கிடைத்தார்: அதுவரை ஏ320 ஓட்டிவந்த இந்தோனேசியாவின் டிரான்ஸ்நுசா. 2023 ஏப்ரலில் ஜகார்த்தாவிலிருந்து பாலிக்கு முதல் சேவை. இப்போது அந்த ரகத்துக்கு சி909 என்று பெயர். உள்ளே போனால் வரிசைக்கு ஐந்து இருக்கைகள், நடைபாதைக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. 1965இல் பறந்த டிசி-9க்கு டக்ளஸ் போட்ட அதே அமைப்பு.